எது சரியான மெட்டு? – ஐரிஷ் கூட்டிசையின் கதை

பல ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் உறவினர் ஒருவரின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அயல்வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்ந்துவந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து இளவயதில் கட்டட வேலைக்கென வந்து, அங்கேயே நிலைத்துவிட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் என்னைத் தமது வழமையான மதுச்சாலைக்கு அழைத்துச் சென்றார். இசை இருக்கும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அங்கே மேடை இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. மூலையில் இருந்த மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் சிலரின் முதுகே எங்களுக்குத் தெரிந்தது. மூன்று பிடில், ஒரு மரப் புல்லாங்குழல், ஒரு தகரக் குழல், ஒரு அக்கோர்டியன், மூலையில் ஒரு கிற்றார். ஒருவர் எவரிடமும் எதுவும் கூறாமல் வாசிக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று அடிகள் சென்றதும் மற்றவர்கள் சேர்ந்துகொண்டனர். அனுமதி பெற்று எனது சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மேசையின் ஓரத்தில் வைத்தேன். பத்திரிகையாளனின் பழக்கம் அது.

இரவு வீடு திரும்பி அந்த நாடாவைப் போட்டுக் கேட்டேன். ஒரு மெட்டை மூன்று தடவை வாசித்துவிட்டு அடுத்த மெட்டுக்குத் தாவியிருந்தார்கள். அந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டபோது, ஒன்று மற்றொன்றைப் போல இல்லை என்பது புரிந்தது. முதலாம் சுற்றில் நீண்டு ஒலித்த சுரம் இரண்டாம் சுற்றில் உடைந்து சுழன்றது. மூன்றாம் சுற்றில் பிடிற்காரர் ஒருவர் மெட்டின் ஒரு பகுதியை அடித்தள ஒலியில் வாசித்திருந்தார். மறுநாள் முதியவரிடம் சென்று, இவற்றுள் எது சரியான மெட்டு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். மூன்றும் சரியானவையே என்றும், மூன்றும் ஒரே மாதிரி இருந்திருந்தால்தான் பிழை என்றும் சொன்னார்.

வாழ்நாளின் பெரும்பகுதியை ஒப்புநோக்குவதிலும் பிழைதிருத்துவதிலும் கழித்தவன் நான். ஒரு செய்திக்கு ஒரு சரியான வடிவமே உண்டு என்ற எண்ணம் என்னுள் ஊறிப்போயிருந்தது. எனவே அந்தப் பதில் என்னை உறுத்தியது. அந்த உறுத்தலே பின்னர் ஐரிஷ் நாட்டார் இசையின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படித்தவற்றுள் முக்கியமானவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மெட்டின் உடல்

முதலில் அந்த மெட்டுகளின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். அவற்றுள் மிகப்பெரும்பாலானவை நடனத்துக்கென உருவானவை. 'ஜிக்' என்பது நமது திஸ்ர நடைபோல மும்மூன்றாகத் துள்ளுவது. 'ரீல்' நான்கு நான்காக ஓடுவது. இவற்றோடு 'ஹோர்ன்பைப்', 'பொல்கா', 'ஸ்லைட்' முதலான வகைகளும் உண்டு. மெட்டு பொதுவாக இரு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் எட்டுத் தாளக்கட்டுகள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் இருதடவை வாசிக்கப்படும். ஆக, ஒரு முழுச் சுற்றுக்கு 32 தாளக்கட்டுகள்.

வழமையான வேகத்தில் ரீல் ஒன்றின் முழுச் சுற்று ஏறத்தாழ 35 விநாடிகளில் முடிந்துவிடும். அதனை மூன்று தடவை வாசித்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்குள் கேட்பவர் ஒரே எட்டுத் தாளக்கட்டுப் பகுதியை ஆறு தடவை கேட்டிருப்பார். ஆறு தடவையும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் காது உறங்கிவிடும். ஆடுபவருக்குத் தாளம் போதும். அமர்ந்து கேட்பவருக்கு அது போதாது. மாற்றி வாசிக்க வேண்டிய தேவை இந்தச் சுருங்கிய வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

நம்மவர்களுக்குச் சங்கதி என்பது புதிதல்ல. கீர்த்தனையின் ஒரு வரியைப் படிப்படியாக விரித்துப் பாடுவதை நாம் அறிவோம். ஆனால் ஐரிஷ் மெட்டில் நடப்பது அதனினும் நுண்ணியது. அங்கே வரி விரிவதில்லை, நீளம் மாறுவதில்லை, வேகமும் மாறக்கூடாது. அளந்து கொடுக்கப்பட்ட அதே இடத்துக்குள் ஒரு சுரத்தை எடுத்து இன்னொன்றை வைக்க வேண்டும்.

அதற்கென அவர்களிடம் சில கருவிகள் உள்ளன. மேல் சுரத்தைக் கணப்பொழுது தொட்டு விடுவது 'வெட்டு'. கீழ்ச் சுரத்தைத் தொட்டு விடுவது 'தட்டு'. நீண்ட சுரமொன்றை ஒரு வெட்டாலும் ஒரு தட்டாலும் மூன்றாகப் பிரித்துச் சுழற்றுவது 'ரோல்'. பிடில் வில்லை மணிக்கட்டால் உதறி ஒரு சுரத்தை மூன்றாகச் சிதறடிப்பதும் உண்டு. இவை அலங்காரங்கள். இவற்றுக்கும் அப்பால் உண்மையான மாற்றங்கள் உள்ளன. இறங்குவரிசையில் செல்லும் நான்கு சுரங்களைப் பாய்ச்சலாக மாற்றுவது, ஒரு சொற்றொடரை மேல் ஸ்தாயியிலிருந்து கீழ் ஸ்தாயிக்கு இறக்குவது, சில மெட்டுகளில் ஏழாம் சுரத்தை ஒரு தடவை கூட்டியும் மறு தடவை குறைத்தும் வாசிப்பது என்பன அவற்றுட் சில. புல்லாங்குழல்காரர் மூச்செடுப்பதற்காக ஒரு சுரத்தை விட்டே ஆக வேண்டும். தேர்ந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளியை வேறுவேறு இடத்தில் வைப்பார். விடப்பட்ட சுரமும் இங்கே ஒரு மாற்றமே.

எழுத்தில் அடைபட்ட இசை

இந்த இசையை எழுத்தில் பிடித்துவைக்கும் முயற்சிகளுள் புகழ்பெற்றது 1792 இல் பெல்பாஸ்ற் நகரில் நடந்த யாழ் விழாவாகும். அருகிவந்த பழைய யாழ்க் கலைஞர்களை ஒன்றுகூட்டி அவர்களது இசையைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். அயர்லாந்தைச் சேர்ந்த பத்து யாழ்க் கலைஞர்கள் வந்தனர். அவர்களுள் மூத்தவரான டெனிஸ் ஹெம்சன் தொண்ணூறு வயதைக் கடந்தவர். நகத்தால் கம்பியை மீட்டும் பழைய முறையை அறிந்திருந்தவர். அவர்களது இசையைக் குறித்துக்கொள்ளும் பணி 19 வயதான எட்வேர்ட் பண்டிங் என்ற இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும், ஒரு சுரத்தையேனும் கூட்டக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆனால் 1796, 1809, 1840 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட தொகுதிகளில் அந்த இசை பியானோவுக்கு ஏற்றதாக அமைக்கப்பட்டிருந்தது. காப்பாற்றியவரும் அவரே, மாற்றியவரும் அவரே. எனினும், அவர் இல்லையேல் அந்த யாழிசையின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது.

1845 இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அவ்வளவு பேரே நாட்டை விட்டு வெளியேறினர். அதன் பின்னரும் வெளியேற்றம் ஓயவில்லை. இசையும் அவர்களோடு கப்பல் ஏறியது.

அப்படிப் புறப்பட்டவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் ஓநீல். 1848 இல் கோர்க் மாவட்டத்தில் பிறந்தவர். இளவயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து உலகைச் சுற்றி, இறுதியில் சிக்காகோவில் பொலிஸ் சேவையில் இணைந்தார். 1901 முதல் 1905 வரை அந்நகரின் பொலிஸ் தலைமை அதிகாரியாகவும் விளங்கினார். ஊரில் சிறுவயதில் கேட்ட மெட்டுகளை மறந்துவிடுவோமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. அவரது நினைவில் மெட்டுகள் இருந்தன. ஆனால் சுரக்குறிப்பு எழுதுவதில் அவர் தேர்ந்தவரல்லர். அவரது பொலிஸ் படையிலேயே ஜேம்ஸ் ஓநீல் என்ற பிடிற்கலைஞர் இருந்தார். பெயர் ஒன்றாயினும் உறவினரல்லர். ஒருவர் பாட, மற்றவர் எழுதினார். சிக்காகோவில் வாழ்ந்த ஐரிஷ் கலைஞர்கள் பலரும் தத்தம் மெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தனர்.

1903 இல் வெளிவந்த அவர்களது முதற்பெரும் தொகுதியில் 1,850 பாடல்களும் மெட்டுகளும் இருந்தன. 1907 இல் வந்த நடன இசைத் தொகுதியில் 1,001 மெட்டுகள். இந்த இரண்டாவது நூல் கலைஞர்கள் மத்தியில் பெற்ற செல்வாக்கு அளப்பரியது. 'புத்தகம்' என்று சொன்னாலே அதுதான் என்று பொருள்கொள்ளும் அளவுக்கு அது பரவியது. அமெரிக்கப் பொலிஸ்காரர் ஒருவர் தொகுத்த நூலிலிருந்து அயர்லாந்துக் கிராமத்தார் தமது மெட்டுகளைத் திரும்பக் கற்றுக்கொண்டனர்.

ஆயினும் புத்தகம் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. அதில் மெட்டின் ஒரு வடிவம் அச்சாகியிருக்கும். அந்த வடிவம் ஒருவர் ஒரு நாள் வாசித்தது. அச்சு அதனைச் சட்டமாக்கிவிடுகிறது. அச்சின் அதிகாரம் எத்தகையது என்பதை என் தொழிலில் உள்ளவர்கள் நன்கறிவார்கள். நாம் அவசரத்தில் எழுதிய வரி, நாற்பது ஆண்டுகளின் பின் ஆதாரமாக மேற்கோள் காட்டப்படுவதைக் கண்டு திகைத்திருக்கிறோம் அல்லவா?

மூன்று நிமிட இசைத்தட்டு

அடுத்து வந்தது இசைத்தட்டு. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891 இல் பிறந்த மைக்கல் கோல்மன் 1914 இல் அமெரிக்கா சென்றார். 1921 முதல் 1936 வரை நியூயோர்க்கில் அவரது பிடிலிசை இசைத்தட்டுகளில் பதிவானது. அதே மாவட்டத்திலிருந்து வந்த ஜேம்ஸ் மொரிசன், பெடி கில்லோரன் ஆகியோரும் பதிவுசெய்தனர். இந்தத் தட்டுகள் கடல் கடந்து அயர்லாந்தின் குடிசைகளுக்கு வந்தன. கிராமபோன் வைத்திருந்த வீட்டில் அயலார் கூடினர். முள்ளைத் தூக்கித் தூக்கி முன்னே வைத்து இளைஞர்கள் அவற்றைக் கற்றனர்.

அதுவரை அயர்லாந்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாணி இருந்தது. வடமேற்கில் டொனகோல் பிடிற்காரர்கள் ரோலைக் குறைவாகவே பயன்படுத்தி, வில்லை ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே இழுத்துக் கூர்மையாக வாசித்தனர். ஸ்கொட்லாந்தின் சாயல் அவர்களது இசையில் உண்டு. கிளேர் மாவட்டத்தின் கிழக்கே நிதானமும் ஒருவிதத் துயரமும் இழையோடும். கோர்க், கெரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா என்ற மேட்டுநிலத்தில் பொல்காவும் ஸ்லைடுமே ஆட்சி செய்தன. கோல்மனின் தட்டுகள் வந்தபின் ஸ்லைகோ பாணியே ஐரிஷ் பிடில் பாணி என்ற எண்ணம் பரவத் தொடங்கியது. பல ஊர்களில் மூத்த கலைஞர்கள் தமது வாசிப்பு பட்டிக்காட்டுத்தனமானதோ என்று கூச்சமடைந்தனர்.

1934 இல் அவர் ஒரு தட்டின் பக்கத்தில் மூன்று ரீல்களை வரிசையாக வாசித்தார். 'தார்போல்ற்றன்' என்பதில் தொடங்கும் அந்த மூன்றும் அதே ஒழுங்கில் இன்றும் எங்கும் வாசிக்கப்படுகின்றன. இதில் ஒரு முரண் உண்டு. கோல்மன் மாற்றி வாசிப்பதில் மன்னர். ஒரே தட்டில் ஒரு மெட்டின் முதலாம் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் ஒப்பிட்டால் அது தெரியும். ஆனால் அவரைப் பின்பற்றியவர்களிற் பலர் அவரது மாற்றங்களையும் மனப்பாடம் செய்தனர். அந்தக் கணத்தில் தோன்றிய ஒன்று, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நிற்கும் பாடமாக மாறிவிட்டது. அவரிடம் கற்க வேண்டியது மாற்றும் முறை. பலர் கற்றுக்கொண்டது மாற்றத்தின் விளைவை.

சமையலறையிலிருந்து மதுச்சாலைக்கு

மதுச்சாலையில் கூடி வாசிக்கும் 'செஷன்' மிகப் பழைமையானது என்றே நானும் நினைத்திருந்தேன். அது தவறு. ஐரிஷ் நடன இசை அடிப்படையில் தனியாள் இசை. ஒரு பிடிற்காரரோ துருத்திக்குழல் கலைஞரோ வீட்டுச் சமையலறையில் வாசிக்க, அயலார் ஆடினர். கோடைகாலத்தில் நாற்சந்திகளில் ஆடினர். தனியே வாசிப்பவருக்கு எவரோடும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. மாற்றி வாசிக்கும் கலை வளர்ந்தது அந்தச் சுதந்திரத்தில்தான்.

1935 இல் அயர்லாந்தில் பொது நடன மண்டபங்கள் சட்டம் கொண்டுவரப்பட்டது. பொது நடனங்களுக்கு நீதிமன்ற அனுமதி தேவை என்றது அது. ஒழுக்கம் கெடுகிறது என்ற மதகுருமாரின் கவலை அதன் பின்னணியில் இருந்தது. நடைமுறையில் பல இடங்களில் வீட்டு நடனங்களுக்கும் நாற்சந்தி நடனங்களுக்கும் எதிராகவே அது பிரயோகிக்கப்பட்டது. நடனம் மண்டபத்துக்குள் சென்றது. பெரிய மண்டபத்துக்கு ஒரு பிடில் போதவில்லை. 'கேலி' எனப்படும் நடனக்குழுக்கள் பெருகின. பத்துப் பேர் ஒரே மெட்டை ஒரே மாதிரி, பியானோவும் மேளமும் சேர்ந்து வாசிக்க வேண்டியதாயிற்று. அங்கே தனியாளின் மாற்றங்களுக்கு இடம் சுருங்கியது. எனினும் கிளேர் மாவட்டத்தின் கில்பெனோரா, துல்லா போன்ற குழுக்கள் அந்தக் கூட்டு ஒலியிலும் தமக்கென ஓர் அழகைக் கண்டன என்பதை மறுக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியாவைக் கட்டியெழுப்பத் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1951 க்கும் 1961 க்கும் இடையில் மட்டும் சுமார் 4 இலட்சம் பேர் அயர்லாந்திலிருந்து வெளியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் பிரித்தானியா சென்றனர். லண்டனில் வாடகைக்கு ஓர் அறை. அதிலும் சிலர் சேர்ந்து படுக்கை. அங்கே பிடிலை எடுத்தால் வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். வீடு இல்லாதவனுக்கு மதுச்சாலையே வரவேற்பறை. நம்மவர்களில் பலருக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு 1940 களின் பிற்பகுதியிலும் 1950 களிலும் வடக்கு லண்டனின் கெம்டன் பகுதியில் டெவன்ஷயர் ஆம்ஸ், பெட்போர்ட் ஆம்ஸ் முதலிய மதுச்சாலைகளில் கூட்டிசை உருப்பெற்றது. ஹொலோவேயில் இருந்த 'பேவரிற்' என்ற மதுச்சாலையின் ஞாயிறு இசை பதிவுசெய்யப்பட்டு 1968 இல் இசைத்தட்டாகவும் வந்தது.

ஊரில் ஒருவரையொருவர் ஒருபோதும் சந்தித்திருக்க முடியாத ஸ்லைகோகாரரும் கிளேர்காரரும் கெரிகாரரும் அங்கே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். ஒரே மெட்டு ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு வடிவில் இருந்தது. பெயர்கூட வேறு. எவருடைய வடிவம் சரியானது என்று வாதிட்டுக்கொண்டிருந்தால் இசை தொடங்கியிருக்காது. எனவே ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது.

கூட்டத்தில் தனிக்குரல்

அந்த வழி எழுதப்படாதது. ஆனால் எல்லோரும் அறிந்தது. தாளக்கட்டின் அழுத்தமான இடங்களில் விழும் சுரங்களை எல்லோரும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். அவை பந்தற்கால்கள் போன்றவை. அவற்றுக்கு இடைப்பட்ட மெலிந்த இடங்களில் அவரவர் தமது வழியில் போகலாம். ஒருவர் ரோல் போடும் இடத்தில் மற்றவர் நீண்ட சுரத்தை நிறுத்தலாம், இன்னொருவர் சிதறடிக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு மெட்டே கேட்கும். ஆனால் அதன் மேற்பரப்பு காற்றில் அசையும் நெல்வயல்போல் அசைந்துகொண்டிருக்கும்.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உரிமையும் கூடிக் குறையும். இருவர் மூவர் இருந்தால் துணிந்து மாற்றலாம். பத்துப் பேர் இருக்கையில் ஒருவர் பெரிதாக மாற்றினால் மற்றவர்களின் காலில் மிதிப்பது போலாகிவிடும். முதலாம் சுற்றில் மெட்டை நேராக வாசித்து அடையாளம் காட்டுவது மரியாதை. இரண்டாம் சுற்றில் சிறிது விலகலாம். மூன்றாம் சுற்றில் எல்லோருக்கும் நிலம் பழகியிருக்கும். அப்போதுதான் நல்ல மாற்றங்கள் பிறக்கின்றன. ஒருவர் செய்த மாற்றத்தை எதிரே இருப்பவர் காதிற்பிடித்து, அடுத்த தடவை அதே இடம் வரும்போது அதனைத் திருப்பிக் கொடுப்பார். அதுவே அந்த மேசையில் நடக்கும் உண்மையான உரையாடல்.

கெரியிலும் டொனகோலிலும் இருவர் சேர்ந்து வாசிக்கையில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. ஒருவர் மெட்டை வழமையான ஸ்தாயியில் வாசிக்க, மற்றவர் அதே மெட்டைக் கீழ் ஸ்தாயியில் வாசிப்பார். ஒரு சுரமும் மாறாது. ஆனால் இசைக்கு ஆழம் வந்துவிடும். ஸ்லீவ் லூக்ராவில் ஊரூராய்ச் சென்று பிடில் கற்பித்தவர் முன்னாள் பள்ளி ஆசிரியரான போட்ரிக் ஓகீவ். 1963 இல் மறைந்தார். பிடிலின் நரம்புகளைக் கோடுகளின் இடைவெளிகளாகவும், விரல்களை எண்களாகவும் குறிக்கும் எளிய முறையொன்றை அவர் வைத்திருந்தார். அவரிடம் கற்ற டெனிஸ் மேர்பி, ஜூலியா கிளிபேர்ட் என்ற சகோதரனும் சகோதரியும் இந்த இரட்டை ஸ்தாயி வாசிப்பில் பெயர்பெற்றவர்கள்.

மெட்டின் சுரங்களைத் தொடாமலேயே உயிரூட்டும் வழிகளும் உள்ளன. ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது சுருதியை மாற்றுவது அவற்றுள் ஒன்று. எவரேனும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அல்லது காலைச் சற்று உயர்த்துவார். அடுத்த கணம் புதிய மெட்டு புதிய சுருதியில் வெடித்துக் கிளம்பும். கேட்பவர்களிடமிருந்து தம்மையறியாமல் ஒரு கூவல் எழும். கிற்றார்காரர் ஒரு சுற்று முழுவதும் வாசிக்காமல் விட்டு, அடுத்த சுற்றில் நுழைவதும் அத்தகையதே. 'போரோன்' என்ற ஆட்டுத்தோற் பறையை வாசிப்பவரும் அவ்வாறே. இவ்விரு கருவிகளும் ஒவ்வொன்று இருந்தால் போதும் என்பது பொதுவான கருத்து. தாளத்தை மூவர் மூன்று விதமாக மாற்றினால் அது கலகலப்பல்ல, கலவரம்.

எவ்வளவு தூரம் போகலாம்?

1951 இல் மல்லிங்கார் நகரில் கோல்தஸ் என்ற இசையமைப்பு உருவாகி, ஆண்டுதோறும் பெருவிழாவையும் போட்டிகளையும் நடத்தத் தொடங்கியது. மறைந்துகொண்டிருந்த இசைக்கு மதிப்பு மீண்டது. விழாவுக்கு வந்தவர்கள் வீதியோரங்களிலும் மதுச்சாலைகளிலும் அமர்ந்து வாசித்ததால் கூட்டிசை அயர்லாந்துக்குள்ளும் வேரூன்றியது. லண்டனில் வேலை செய்து திரும்பியவர்களும் அவ்வழக்கத்தைக் கொண்டுவந்தனர். கிளேர் மாவட்டத்து மில்டவுன் மல்பேயைச் சேர்ந்த தச்சரும் துருத்திக்குழல் மேதையுமான வில்லி கிளான்சியும் 1950 களில் லண்டனில் வேலை செய்து ஊர் திரும்பியவரே. அவர் 1973 இல் மறைந்தார். அவ்வாண்டே அவர் பெயரில் தொடங்கிய கோடைக்காலப் பள்ளி இன்று உலகெங்கிலுமிருந்து மாணவரை ஈர்க்கிறது.

1960 களின் தொடக்கத்தில் ஷோன் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் கேலிக் குழுக்களின் ஒரே மாதிரியான ஒலியைக் கடுமையாக விமர்சித்தார். 1962 இல் வானொலியில் அவர் நிகழ்த்திய தொடரில், மாற்றி வாசித்தலே இந்த இசையின் அடிப்படை என்று வலியுறுத்தினார். தமது குழுவில் எல்லோரும் எப்போதும் சேர்ந்து வாசிக்காமல், ஒருவர் பின் ஒருவராகத் தனியே வெளிப்பட வழி செய்தார். உலகப் புகழ்பெற்ற 'சீப்ரன்ஸ்' குழு 1962 இல் உருவானது; அதன் தொடக்ககாலக் கலைஞர்களிற் பலர் ஓ ரியாடாவின் குழுவில் வாசித்தவர்கள்.

மாற்றம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டப்ளின் நகரத்தவரான டொமி பொட்ஸ் ஓர் எல்லைக்கல். தீயணைப்புப் படையில் பணியாற்றியவர். 1972 இல் அவரது பிடிலிசைத்தட்டு வெளிவந்தது. அவர் அலங்காரத்தோடு நிற்கவில்லை. தாளக்கட்டுகளைக் கூட்டினார், குறைத்தார். மெட்டின் நடுவே நின்று யோசித்தார். அந்த இசைக்கு ஆட முடியாது. அவரோடு சேர்ந்து வாசிப்பதும் இயலாது. இருந்தும் மிக்க மதிப்புக்குரியவராகவே கருதப்பட்டார். மீஹோல் ஓ சூலவோன் அவரைப் பற்றியே ஆய்வுசெய்து 1987 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஓ சூலவோன் 1995 இல் வழங்கிய தொலைக்காட்சித் தொடர் புதுமையின் பக்கம் சாய்ந்திருந்தபோது, அக்கோர்டியன் கலைஞரும் ஒலிபரப்பாளருமான டோனி மக்மாஹன் அதனைப் பகிரங்கமாக எதிர்த்தார். 1996 இல் டப்ளினில் இதற்கென ஒரு மாநாடே நடந்தது.

இந்த விவாதத்தில் இரு தரப்பாரிடமும் நியாயம் உண்டு. மெட்டை மாற்றாமல் வைத்திருந்தால் அது நூதனசாலைப் பொருளாகும். எல்லையின்றி மாற்றினால் அயலவர் சேர்ந்துகொள்ள முடியாது போகும். அயலவர் சேர முடியாத இசை எவ்வளவு உயர்ந்ததாயினும் ஊரின் இசையாக இருக்க முடியாது. பொட்ஸ் தனியே எட்டிய உயரம் பெரியது. ஆனால் அந்த உயரத்தில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடமிருக்கவில்லை. கூட்டிசை வேறொன்றை எட்டுகிறது. தன் பக்கத்தில் இருப்பவர் வழுக்கிவிடாத அளவுக்கு மட்டும் மாற்றுவது என்ற கட்டுப்பாடு, ஒவ்வொருவரையும் மற்றவரைக் கேட்க வைக்கிறது. கேளாதவனால் நன்றாக மாற்றவும் முடியாது.

இன்று ஆபத்து வேறு திசையில் வருகிறது. கைத்தொலைபேசியில் எந்த மெட்டையும் நொடியில் எடுக்கலாம். டோக்கியோவில் உள்ளவரும் டப்ளினில் உள்ளவரும் ஒரே பதிவைக் கேட்டு ஒரே வடிவத்தைக் கற்கின்றனர். முன்பின் தெரியாதவர்கள் உலகின் எந்த மூலையிலும் சேர்ந்து வாசிக்க முடிவது பெரும் பேறு. ஆனால் எல்லோரிடமும் இருப்பது ஒரே வடிவமானால், பரிமாறிக்கொள்ள எதுவும் இராது. ஐரிஷ் துருத்திக்குழல் வாசிப்பை 2017 இலும் யாழிசையை 2019 இலும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. பட்டியலில் இடம்பெற்றதாலேயே ஒரு கலை வாழ்ந்துவிடாது. மூன்றாம் சுற்றில் எவரேனும் ஒரு சுரத்தை மாற்றும்வரைதான் அது வாழும்.

அந்த முதியவரை நான் பின்னர் ஒருமுறையே சந்தித்தேன். அப்போது அவரது விரல்கள் வாதத்தால் மடங்கிப்போயிருந்தன. தாமும் ஒருகாலத்தில் குழல் வாசித்தவர் என்பதை அன்றுதான் சொன்னார். பழைய நாடாவின் பிரதியொன்றை அவருக்குக் கொடுத்தேன். போட்டுக் கேட்டார். இரண்டாம் சுற்றில் ஓரிடம் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். அந்தத் திருப்பம் அவருடைய ஊரில் மட்டும் வாசிக்கப்பட்டதாம். அவரிடமிருந்து அந்தப் பிடிற்காரர் எடுத்துக்கொண்டதாம். அந்தப் பிடிற்காரரின் ஊர் வேறு, மாவட்டம் வேறு.

எது சரியான மெட்டு என்று நான் அதன் பிறகு எவரிடமும் கேட்டதில்லை. யாரிடமிருந்து வந்தது என்றே கேட்கிறேன்.